சாத்திய கதவும் தொடையின் பின்பக்கமும்

அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. நானூறு மீட்டரில் கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்குகிற இடம். நனைந்த துணியை உள்ளேயிருந்து யாரோ சரக்கென்று கிழித்ததுபோல் வலது தொடையின் பின்பக்கத்தில் கேட்டது. அடுத்த அடி வைக்கக் கால் வரவில்லை. சரளை மண்ணில் முழங்கை தேய விழுந்து, அங்கேயே கிடந்தபடி மற்ற பெண்களின் முதுகுகள் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே இடம் இரண்டாவது முறையாகக் கிழிந்திருந்தது. முதல் தடவை கல்லூரியில் சேர்ந்த மறுவருடம். இரண்டாவது, கடைசி வருடம் தொடங்கிய ஆடி மாதத்தில். பெரம்பலூரில் நான் படித்த கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் குனிந்து என் தொடையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். நான் கத்தினேன். அவர் நிமிர்ந்து, மைதானத்தின் மறுகோடியில் நின்ற வாலிபால் பையன்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"முடிஞ்சு போச்சும்மா. ஒரே எடத்துல ரெண்டு தடவ கிழிஞ்சா அது சதையில்ல, கந்தத் துணி. பேர அடிச்சுடறேன்."

"சார், செலக்‌ஷனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு சார்."

"நாலு மாசத்துல கல்யாணப் பத்திரிகை வேணா கொண்டாந்து குடு. வந்து சாப்புடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் மண்ணில் உட்கார்ந்தபடி சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்மேல் எனக்கு வந்த கோபம்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கலந்துகொண்டேன் என்று ஒரு சான்றிதழ். அது இருந்தால் உடற்கல்விப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது என் பெயர் மேலே ஏறும். இல்லையென்றால் மாமா பேசி வைத்திருந்த தட்டச்சு வகுப்பு. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குக் கால் அரிக்கும். கல்லூரியிலிருந்து நானூறு மீட்டருக்கு இரண்டு பேரைத்தான் அனுப்புவார்கள். மார்கழியில் தேர்வு ஓட்டம். அதில் முதல் இரண்டு இடங்களுக்குள் வர வேண்டும். அதற்கு முதலில் இந்தத் தொடை, அந்த வளைவைக் கிழியாமல் தாண்ட வேண்டும்.

அது இரண்டாயிரத்து நான்கு. எங்கள் அரியலூர் கொஞ்ச காலம் தனி மாவட்டமாக இருந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டிருந்த சமயம். பட்டியலிலிருந்து பேரை அடித்துவிட்டால் ஊர் காணாமல் போய்விடுமா என்ன? லாரிகள் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டேதான் இருந்தன. அதில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா.

மூன்று வாரம் நொண்டினேன். நொண்டிக்கொண்டே கல்லூரி நூலகத்தில் உடற்கூறு பற்றிய ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஹாம்ஸ்ட்ரிங் என்று நாங்கள் மைதானத்தில் சொல்வது ஒரு சதை இல்லையாம், மூன்று. மூன்றும் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வந்து பிடிக்கின்றன. அவற்றுக்கு மேலே பிட்டச் சதைகள். ஓடும்போது உடம்பை முன்னால் தள்ளுவது இவைதான். எனக்குப் பகீரென்றது. பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் செய்ததெல்லாம் பஸ்கி, தோப்புக்கரணம், படியேறி இறங்குவது. முன்தொடை கல்லாக இருந்தது. பின்பக்கத்துக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. வயசுப் பெண் தன் பின்பக்கத்தைப் பற்றி யாரிடம் கேட்பாள்?

நான் கேட்டேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற தோழியிடம்.

"ஏய், குண்டியையும் தொடைப் பின்பக்கத்தையும் பலமாக்கணும். என்னா பண்ணலாம்?"

அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு யோசித்தாள். அவள் ஊர் லப்பைக்குடிக்காடு. அண்ணன் துபாயில் இருந்தார்; வெளிநாட்டுப் பிழைப்பைச் சபர் என்பார்கள் அவர்கள் வீட்டில்.

"எங்கண்ணன் போன தடவ சபர்லேர்ந்து வந்தப்ப ஒரு பொட்டி கொண்டாந்துச்சுடி. தொப்பையக் கொறைக்கிறேன்னு. காலு, இடுப்புன்னு எல்லாம் படம் போட்டிருக்கும். மூணு நாளு செஞ்சுது. அப்பறம் பிரியாணி."

"இப்ப அந்தப் பொட்டி எங்க?"

"வந்து பாரு."

அடுத்த வெள்ளிக்கிழமை அவளோடு பஸ் ஏறிப் போனேன். கொல்லைப்புறத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கறுப்பு நிறத்தில் விரல் தடிமனுக்கு ரப்பர் குழாய் கட்டியிருந்தது. அதில் வரிசையாகத் துணி காய்ந்தது. கணுக்காலில் மாட்டுகிற பட்டை ஒன்று முருங்கைமரக் கிளையைத் தாங்கிப் பிடிக்கக் கட்டப்பட்டிருந்தது. மடக்குப் பலகையின் மேல் தண்ணீர்க் குடம். துபாயிலிருந்து கடல் தாண்டி வந்த உடற்பயிற்சிச் சாதனம் முழுவதும் குடும்பத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தது.

தோழியின் அம்மாவுக்கு அதை விட மனமில்லை. "நல்ல கயிறும்மா அது. காத்தடிச்சாலும் துணி நழுவாது. ஐப்பசி மழை வேற வரப்போவுது."

"மார்கழி முடிஞ்சதும் கொண்டாந்து நானே கட்டித் தரேன்மா."

"ஓடி ஜெயிச்சுடுவியா?"

"ஜெயிச்சுடுவேன்."

அவர் என் நொண்டலைப் பார்த்தார். "அல்லா கொடுப்பான்" என்றார். பிறகு அவரே துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார்.

எல்லாவற்றையும் அதன் பெட்டிக்குள் அடுக்கினால் ஒரு சூட்கேஸ் அளவுதான். நான்கு ரப்பர் குழாய்கள், ஒன்றைவிட ஒன்று தடிமன். கணுக்கால் பட்டை இரண்டு. மடக்குப் பலகை. நுனியில் உருண்டை வைத்துத் தைத்த ஒரு நாடா. கூடவே வழவழப்பான தாளில் அரபியில் ஒரு சிறு புத்தகம். திரும்பி வரும்போது கண்டக்டர், "என்னம்மா, ஆர்மோனியமா? பாட்டுக் கத்துக்கிறியா?" என்றார். "ஆமாண்ணே, கால்ல வாசிக்கிறது" என்றேன்.

சிக்கல் வீட்டில் தொடங்கியது.

எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு அடுப்படியும். குழாயைக் கட்ட ஒரு பிடிமானம் வேண்டும். கட்டில் கிடையாது. ஜன்னல் கம்பிகள் கையால் ஆட்டினாலே ஆடும். புத்தகத்தில் போட்டிருந்த வழி ஒன்றுதான். நாடாவின் உருண்டையை வெளியே விட்டு, கதவிடுக்கில் நாடாவைச் செருகி, கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே தொங்கும் வளையத்தில் குழாயை மாட்டிக்கொள்ளலாம். துபாயில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பார்கள்போல. எங்கள் தெருவில் காலையில் திறந்த கதவு, படுக்கப் போகும்போதுதான் மூடும். பகலில் சாத்தியிருந்தால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, அல்லது எல்லோரும் சாவுக்குப் போயிருக்கிறார்கள், அல்லது வெளியே சொல்ல முடியாத ஏதோ நடக்கிறது. வேறு காரணமே கிடையாது. போதாததற்கு எங்கள் தாழ்ப்பாள் பழசு. ஆணி கழன்று, தோளால் ஒரு இடி இடித்தால் விட்டுக்கொடுத்துவிடும். அப்பா இரண்டு வருடமாக அதை மாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா சத்துணவுக்கூடத்தில் சமைத்துவிட்டு நாலரைக்குத் திரும்புவாள். சனி ஞாயிறில் உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். கல்லூரி விட்டு நான் வந்து சேர்வதற்கும் அவள் வருவதற்கும் நடுவே கிடைக்கிற அரைமணி நேரம்தான் எனக்கு. காலையில் அவள் குளத்துக்குப் போகிறபோது இன்னொரு அரைமணி.

புத்தகத்தில் ஒரு எழுத்து எனக்குப் புரியாது. படங்கள் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். முதல் பயிற்சிக்கு மூன்று படம். குப்புறப் படுத்த ஒரு ஆள், கணுக்காலில் பட்டை, பட்டையிலிருந்து கதவுக்குப் போகும் குழாய். முதல் படத்தில் குதிகால் பிட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவதில் பாதி இறங்கியிருந்தது. மூன்றாவதில் கால் நேராகத் தரையில் நீட்டியிருந்தது. சரி, மேலேயிருந்து ஆரம்பித்துக் கீழே வர வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் குழாய் இழுத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த எடுப்பில் குதிகாலை எப்படி மேலே வைப்பது? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கதவுக்குப் பக்கத்தில் படுத்து, குழாய் தொய்வாக இருக்கும்போதே காலை மடக்கிக்கொள்வது. மடக்கியபடியே இரண்டு கையாலும் பல்லி மாதிரி முன்னால் ஊர்ந்து போவது. குழாய் விறைக்கும். காலைக் கீழே பறிக்கப் பார்க்கும். நான் விடாமல், எண்ணிக்கொண்டே, அங்குலம் அங்குலமாக விட்டுக்கொடுப்பது. தரையைத் தொட்டதும் மறுபடி பின்னால் ஊர்ந்து முதலிலிருந்து.

இரண்டாவது பயிற்சி பலகையில். மல்லாக்கப் படுத்து, குதிகாலைப் பலகையில் ஊன்ற வேண்டும். முதல் படத்தில் இடுப்பு உயரத்தில், ஒரு கால் அந்தரத்தில். கடைசிப் படத்தில் இடுப்பு தரையில். அதையும் அப்படியே செய்தேன். இரண்டு காலாலும் எழும்பி, ஒரு காலைத் தூக்கிவிட்டு, மற்ற கால் ஒன்றாலேயே இடுப்பை மெள்ள மெள்ள இறக்குவது. முதல் வாரம் மிக மெல்லிய குழாய்க்கே தொடை நடுங்கியது. கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன். பிட்டம் என்று ஒன்று எனக்கு இருப்பதே பத்தொன்பது வருடத்தில் அப்போதுதான் தெரிந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்: கந்தத் துணியா? பாத்துக்கலாம்.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள். மூன்றாவது குழாய்க்கு வந்திருந்தேன். ஊர்ந்து முன்னால் போய், குதிகால் மேலே இருக்க, குழாய் விறைத்து நிற்கிறது. வெளியே எதிர்வீட்டு அத்தையின் குரல்.

"என்னாடி, பகல்ல கதவு சாத்திக் கெடக்கு? ஏ புள்ள!"

வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும். நான் முக்கினேன். அந்தச் சத்தம்தான் வெளியே கேட்டிருக்கிறது.

"அய்யோ, உள்ள என்னமோ அனத்துதே!"

ஒரே இடி. தாழ்ப்பாள் கழன்றது. கதவிடுக்கிலிருந்து உருண்டை விடுபட்டு, நாடாவும் குழாயும் விர்ரென்று பறந்து வந்து, வலது தொடையின் பின்பக்கத்தில், கிழிந்திருந்த அதே இடத்தில் சாட்டைபோல் விழுந்தது. நான் அலறினேன். அத்தை என்னைப் பார்த்தாள். குப்புறக் கிடக்கிறேன், கணுக்காலில் பட்டை, பட்டையிலிருந்து நீளமாகக் கறுப்புக் கயிறு, கண்ணில் தண்ணீர்.

"அடிப்பாவி! பெத்த பொண்ண கட்டிப் போட்டுருக்காளே!"

"அத்த, இல்லத்த..."

"நீ ஒண்ணும் சொல்லாத தாயி. எந்தப் பயலா இருந்தாலும் பேசி முடிக்கலாம். அதுக்காவ மாட்டக் கட்டுற மாதிரியா கட்டுவா?"

நான் பட்டையை அவிழ்ப்பதற்குள் அத்தை தெருவில் இறங்கிவிட்டாள். எனக்கு அதைப் பற்றிக்கூடக் கவலையில்லை. தொடையைத் தடவினேன். சுரீரென்றது. மறுபடியும் போய்விட்டதா? சுவரைப் பிடித்து எழுந்து ஒரு அடி வைத்தேன். இன்னொன்று. தோல்தான் எரிந்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. நின்றபடியே குதிகாலைப் பின்னால் மடக்கினேன். பிட்டத்தைத் தொட்டது. அப்போதுதான் அழுகை வந்தது. பயம் விட்டுப்போன அழுகை.

அம்மா சத்துணவுக்கூடத்தை விட்டுத் தெருமுனை திரும்புவதற்குள் நான்கு பேர் அவளை நிறுத்தி விசாரித்துவிட்டார்கள். பையன் யார், என்ன ஆட்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்தவள் முந்தானையை உதறிச் செருகினாள்.

"ஊரே என்னைய காறித் துப்புது. நான் ஒன்னைய கட்டிப் போட்டுருக்கேனாம். என்னாடி இது?"

மறைக்கவில்லை. பெட்டியை இழுத்து வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். படுத்துச் செய்தும் காட்டினேன்.

"இத இப்புடி குண்டியத் தூக்கித் தூக்கி செய்யிறதுக்குத்தான் கதவ சாத்துறியா? வெளிய தெரிஞ்சா என்னா பேசுவாங்க?"

"கட்டிப் போட்டாங்கன்னு பேசுனதவிட மோசமாவா பேசிடுவாங்க?"

"எதுத்துப் பேசாத."

"பேசுவேன்மா. அந்த சார் மைதானத்துல அத்தினி பேரு முன்னாடி என்னைய கந்தத் துணின்னு சொன்னாரு. கிழிஞ்சதத் தைக்கிற எடம் இதுதான். கதவச் சாத்தாம தைக்க முடியாது. சாத்தத்தான் செய்வேன்."

அம்மா அடுப்படிக்குப் போனாள். அன்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவள் வேலைவிட்டு வரும்போது கையில் காகிதப் பொட்டலம். பிரித்தால் புத்தம்புது இரும்புத் தாழ்ப்பாள், ஒரு சாண் நீளத்துக்கு, திருகாணிகளோடு. அப்பாவின் லாரிப் பெட்டியிலிருந்து திருப்புளி எடுத்து, அவளே முழங்கால் போட்டு உட்கார்ந்து கதவில் பொருத்தத் தொடங்கினாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அத்தை வந்து வாசலில் நின்றாள்.

"என்னா மைனி, தாப்பாளு போடுற? மறுபடியுமா?"

அம்மா திருகாணியைத் திருகிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள். "நான் கட்டிப் போட்டேன்னா கயிற அம்மாம் நீளத்துக்கா வுடுவேன்? எம் பொண்ணு காலுக்கு வைத்தியம் பாத்துக்குது. இனிமே கதவு சாத்தியிருந்தா தட்டு. இடிக்காத."

என்னிடம் சொன்னது வேறு. "சாத்துறதுன்னா ஒழுங்கா சாத்து."

ஐப்பசி மழையில் மைதானம் சேறானது. மற்ற பெண்கள் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெயிலும் மழையும் ஒன்றுதான். என் மைதானம் கதவுக்கும் அடுப்படிக்கும் நடுவே பத்தடி. நான்காவது குழாய்க்கு வந்துவிட்டேன். விடியற்காலையில் செந்துறை ரோட்டில் மெதுவாக ஓடவும் ஆரம்பித்திருந்தேன். வளைவில் மட்டும் கால் தானாகப் பயந்து சுருங்கும். அதை ஏமாற்ற மனதுக்குள் அந்த சாரைத் திட்டிக்கொண்டே திரும்புவேன்.

கார்த்திகையில் ஒரு நாள், தன் அம்மாவின் துணிக்கொடி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவர என் தோழி வந்தாள். தாழ்ப்பாள் போட்டு, அவளை எதிரே உட்காரவைத்துச் செய்து காட்டினேன். நான் பல்லியாக ஊர்வதைப் பார்த்ததும் தரையில் உருண்டு சிரித்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். சிரிப்பு நின்றது.

"ஏண்டி, நீ இத எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்த?"

"இந்தப் பக்கத்துலேர்ந்துதான். இது ஒண்ணாவது படம், இது ரெண்டு, இது மூணு."

"அடி லூசு! இது அரபுடி. சோத்தாங்கைப் பக்கத்துலேர்ந்து போவணும். இதுதான் ஒண்ணாவது. கால நீட்டிப் படுத்து, மடக்கிக்கிட்டு மேல வரணும். நீ மூணு மாசமா தலகீழா செஞ்சிட்டிருக்க!"

மார்கழி பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. மடக்கிப் பலமேற்ற வேண்டிய காலை, மூன்று மாதமாக விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"சரி சரி, மூஞ்சத் தூக்காத. இப்ப நேரா செஞ்சு பாரு" என்றாள். அவளே என் கணுக்காலில் மெல்லிய குழாயை மாட்டினாள். நேராகப் படுத்து மடக்கினேன். வெறும் காற்றை மடக்கியதுபோல் வந்தது. இரண்டாவது, மூன்றாவது. கடைசியில் அந்தத் தடிக் குழாய், அவள் இரண்டு கையாலும் இழுத்தும் பாதிகூட வராதது. படுத்து, மூச்சை விட்டு, மடக்கினேன். குதிகால் பிட்டத்தில் வந்து முட்டியது. மறுபடி மடக்கினேன். முட்டியது.

"யம்மா!" என்றாள். "எங்கண்ணனுக்கு இதுல காலு தரையவிட்டே எந்திரிக்கலடி."

எனக்கு அப்போது முழு விவரம் தெரியாது. யோசித்தபோது ஒன்று புரிந்தது. ஓடும்போது என் தொடை கிழிந்தது காலை மடக்கும்போது இல்லை. நீட்டி முன்னால் வீசி, தரையில் ஊன்றப் போகிற அந்தக் கணத்தில். நீள்கிற சதை நீண்டுகொண்டே தாங்க வேண்டிய கணம். மூன்று மாதமாக நான் பழக்கியது அதைத்தான். நீளும்போது விட்டுவிடாமல் தாங்கு என்று.

"இனிமே நேரா செய்யி" என்றாள் தோழி.

"மாட்டேன். தப்பாவே செய்யப் போறேன்."

"எங்கண்ணன்ட்ட சொன்னா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அது சரியாப் படிச்சு துணி காயப் போட்டுச்சு. நான் தப்பாப் படிச்சு ஓடப் போறேன்."

மார்கழியில் தேர்வு ஓட்டத்தன்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன். சார் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒம்பேரு இதுல இல்லியே."

"சேத்துக்கங்க சார்."

"ஏம்மா, வெளையாடுறியா? இன்னொரு தடவ வுழுந்தா நடக்க முடியாது. ஒங்கப்பா வந்து என் சட்டையப் புடிப்பாரு. அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருடம் நான் அங்கே இருக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் கையிலிருந்த அட்டையையும் பேனாவையும் கேட்டு வாங்கி, ஓரத்தில் எழுதினேன்: 'என் சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

"அப்பா கையெழுத்து வேணும்னேன்."

"எனக்குப் பத்தொம்பது முடியப் போவுது சார். தொடை என்னோடது. விசில ஊதுங்க."

ஐந்து பேர் ஓடினோம். இருநூறு மீட்டர் வரை நான்காவதாக இருந்தேன். வேண்டுமென்றே இல்லை, அவர்கள் நிஜமாகவே வேகம். கடைசி வளைவு வந்தது. உடம்பு பழக்கத்தில் சுருங்கப் பார்த்தது. இந்தத் தடவை யாரையும் திட்டவில்லை. எங்கள் கூடத்துத் தரையில் எண்ணுகிற மாதிரி எண்ணினேன். ஒன்று, விடாதே. இரண்டு, விடாதே. வலது கால் முன்னால் வீசி நீண்டது. அந்த இடம். தாங்கியது. அடுத்தது. தாங்கியது. நேர்ப்பாதை என் முன்னால் திறந்து கிடந்தது. பின்னாலிருந்து யாரோ என்னைத் தள்ளுவதுபோல் இருந்தது. தள்ளியது என் பிட்டம்தான்; அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒருத்தியைத் தாண்டினேன். கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது இன்னொருத்தியை. முதலாவதாக வந்த பெண் எனக்கு மிக முன்னால் போயிருந்தாள். அவளை யாரும் பிடிக்க முடியாது. நான் இரண்டாவது.

சார் ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு அட்டையில் எழுதினார். முனகலாக, "சரி, ஒம்பேரு சேத்தாச்சு" என்றார்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன். "சார், அன்னிக்கு முடிஞ்சு போச்சுன்னு சத்தமா சொன்னீங்க. இதையும் அதே மாதிரி சொல்லுங்க சார்."

வாலிபால் பையன்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சார் அட்டையை நிமிர்த்திப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். முதல் இடத்துக்காரியின் பெயரையும் என் பெயரையும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த டாக்டருட்ட காட்டுன?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுக் கதவுகிட்ட சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டேன். அதனால் என்ன? சான்றிதழ் கைக்கு வந்தது. தட்டச்சு வகுப்பில் மாமா சொல்லி வைத்திருந்த இடத்துக்கு வேறு யாரோ போனார்கள். பெட்டியை லப்பைக்குடிக்காட்டுக்குக் கொண்டுபோய், குழாய்களைத் தென்னைகளுக்கு நடுவே நானே கட்டிக்கொடுத்தேன், ஒரு குழாயைத் தவிர. அந்தத் தடிக் குழாயைத் தோழியின் அம்மாவே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது ரொம்ப விறைப்பா இருக்கு, துணி தாங்காது. நீயே வச்சுக்க."

ஆனால் தேர்வு ஓட்டம் முடிந்த மறுநாள் காலையைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உடம்பெல்லாம் வலித்தது. ஒரு நாள் விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இருந்தாலும் நாடாவைச் செருகி, கதவைச் சாத்தி, அம்மா போட்ட தாழ்ப்பாளை இழுத்துவிட்டுக் குப்புறப் படுத்தேன். நன்றாக விடிந்து, தெருவில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. நாலாவது தடவை ஊர்ந்து முன்னால் போயிருக்கும்போது கதவு தட்டப்பட்டது.

"ஏ புள்ள, கதவத் தெறடி. ஜெயிச்சுட்டியாமே!" எதிர்வீட்டு அத்தை. "என்னாதான் அதுன்னு பாக்குறேன், தெற."

தாழ்ப்பாள் ஒருமுறை அதிர்ந்தது. அசையவில்லை. என் குதிகால் மேலே இருந்தது. குழாய் விறைத்து இழுத்தது.

"இன்னும் ஆறு இருக்கு அத்த" என்று தரையிலிருந்தே கத்தினேன். "முடிச்சுட்டுத் தெறக்கறேன். நில்லுங்க."